இரண்டு எரிபொருள்

எங்கள் ஜீப்பின் பதிவுப் புத்தகத்தில் எரிபொருள் என்ற இடத்தில் முதலில் பெற்றோல் என்றும், பின்னர் சேர்த்த எழுத்தில் எரிவாயு என்றும் பல வருடங்களாக இருந்தது. இரண்டும் உண்மைதான். ஆனாலும் இரண்டு உண்மைகள் ஒரே காகிதத்தில் இருந்தால் நம் நாட்டில் யாருக்கோ ஒரு சந்தேகம் வந்துவிடும். 1990 ஒக்டோபருக்குப் பிறகு எங்கள் குடும்பத்தைப் பற்றி எழுதப்பட்ட காகிதங்கள் எல்லாவற்றிலும் இரண்டு இடங்கள் வந்துகொண்டே இருந்தன. நிரந்தர முகவரி மன்னார் மாவட்டம், முசலி. தற்போதைய முகவரி புத்தளம். 'இதில் எது உங்கள் ஊர்?' என்று கேட்காத உத்தியோகத்தர் குறைவு. அதனால்தானோ என்னவோ, ஜீப்பைப் பார்த்து அதே மாதிரியான ஒரு கேள்வியைக் கொழும்பில் ஒரு கம்பனியில் கேட்டபோது, எனக்கு அது வெறும் வாகன விசயமாகப் படவில்லை.

நான்கு சில்லும் இழுக்கும் வாகனம் எந்தக் கம்பனி செய்ததானாலும் எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் ஜீப். நான் வாங்கியது ஜப்பான் தயாரிப்பு. 1993ஆம் ஆண்டு மொடல். ஆறு சிலிண்டர், மூவாயிரம் சிசி பெற்றோல் எஞ்சின். 2010இல் அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணிக்கொடையில் பெரும் பங்கு அதற்குப் போயிற்று. கட்டாரில் இருந்த மருமகன் மிகுதியைத் தந்தார். ஓய்வு பெற்ற ஓர் எழுதுவினைஞனுக்கு இவ்வளவு பெரிய எஞ்சின் எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை.

காரணம் உம்மா. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. மீளக் குடியேறலாம் என்ற கதை வரத் தொடங்கியதும் உம்மா ஒரே ஒரு விசயத்தைத்தான் கேட்டார். "மகன், நம்மட வளவ ஒருக்காப் பாத்திட்டு வருவமா?" அப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது. சிலாவத்துறைக்கு அப்பால் இருந்த எங்கள் கிராமம் இருபது வருடக் காடாகிக் கிடந்தது. வீடு இருந்த இடத்தில் வீரை மரமும் முட்பற்றையும். புத்தளத்திலிருந்து எழுவன்குளம் ஊடாக வில்பத்துக் காட்டு வழியே போனால் பாதிக்கும் குறைவான தூரம். ஆனால் அந்தப் பாதை சர்ச்சையிலும் வழக்கிலும் சிக்கியது. அதனால் அநுராதபுரம், மதவாச்சி, செட்டிகுளம், முருங்கன் என்று சுற்றிக்கொண்டு ஏறக்குறைய 200 கிலோமீற்றர் போக வேண்டும். தார் வீதி முடிந்த பிறகு மணல். மாரி காலமென்றால் சேறு. வாடகை வான் சாரதிகள் இரண்டு பேர் வழியில் இறக்கிவிட்டுத் திரும்பியதைக் கண்ட பிறகுதான் ஜீப் வாங்கும் யோசனையே வந்தது.

டீசல் ஜீப் வாங்க என்னிடம் பணம் போதவில்லை. எல்லோரும் டீசலைத் தேடியதால் பெற்றோல் ஜீப் மலிவாகக் கிடந்தது. அதிலும் நான் வாங்கியதற்கு முந்திய சொந்தக்காரர் எரிவாயு பூட்டியிருந்தார். 1990களின் பிற்பகுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் கொழும்பில் பெற்றோல் வாகனங்களுக்கு எரிவாயு பூட்டுவது பரவலாக நடந்த ஒன்று. ஒரு சுவிச்சைத் தட்டினால் பெற்றோல். மறுபக்கம் தட்டினால் கேஸ்.

இந்த இடத்தில், வாகனம் பற்றி அறியாத வாசகருக்குச் சில விசயங்களைச் சொல்லிவிட வேண்டும்.

வாகனத்துக்கு ஊற்றும் எரிவாயு புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. அழுத்தத்தில் திரவமாகத் தொட்டியில் இருக்கும். வெப்பத்தில் அந்தத் திரவம் விரியும் என்பதால் தொட்டியை ஒருபோதும் முழுவதுமாக நிரப்புவதில்லை. நூற்றுக்கு எண்பது பங்குதான். எங்கள் 60 லீற்றர் தொட்டிக்கு 48 லீற்றருக்கு மேல் ஏறாது. தொட்டியிலிருந்து வரும் திரவம் பொனட்டுக்குள் இருக்கும் ரெடியூசர் என்ற பாத்திரத்துக்குள் வந்து வாயுவாக மாறுகிறது. திரவம் வாயுவாக மாறும்போது சூட்டை உறிஞ்சும். அந்தச் சூட்டைக் கொடுப்பதற்காக எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் ஒரு பங்கை றப்பர் குழாய் வழியாக ரெடியூசருக்குள் ஓட விடுவார்கள். அதனால்தான் காலையில் பெற்றோலில் எடுத்து, எஞ்சின் சூடான பிறகே கேஸுக்கு மாற்ற வேண்டும்.

ஒரு லீற்றர் எரிவாயுவில் ஒரு லீற்றர் பெற்றோலின் சக்தி இல்லை. பெற்றோலில் ஓடும் தூரத்துக்கு எரிவாயு நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து லீற்றர் கூடுதலாகப் போகும். எரிவாயுவின் விலை பெற்றோல் விலையில் எண்பது வீதத்துக்குக் கீழே நன்றாக இறங்கியிருந்தால்தான் இலாபம். நெடுந்தூரத்தில் எங்கள் ஜீப் பெற்றோலில் லீற்றருக்கு ஏழு கிலோமீற்றர், கேஸில் ஐந்தரை. கொழும்பில் நிரப்பிக்கொண்டு புறப்பட்டால் புத்தளம் தாண்டி, அநுராதபுரம் தாண்டி, செட்டிகுளத்துக்குக் கிட்ட கேஸ் முடியும். அதற்கப்பால் நிரப்ப இடமில்லை. சுவிச்சைத் தட்டிப் பெற்றோலுக்கு மாறுவேன். உம்மாவுக்கு இது ஒரு விளையாட்டாகிவிட்டது. சத்தம் சற்று மாறுவதைக் கேட்டே "இப்ப எண்ணெய்க்கு மாத்திட்டியா?" என்பார்.

தொடக்கத்தில் அவர் பயந்தார். "பின்னால குண்டு வெச்சிக்கொண்டா என்னக் கூட்டிப் போறாய்?" என்று கேட்டார். வழியில் இருந்த சோதனைச் சாவடியிலும் அதே கேள்விதான், வேறு மொழியில். பின் கதவைத் திறந்ததும் இராணுவத்துச் சிறுவன் ஒருவன் உருளையைக் கண்டு இரண்டடி பின்வாங்கினான். சுவிச்சையும் பதிவுப் புத்தகத்தையும் காட்டி விளக்கினேன். அவன் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டான். மேலதிகாரி வந்து பார்த்து, தன் மாமனாரின் காரிலும் இதே தொட்டி இருப்பதாகச் சொல்லி, மாதம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று விசாரித்தார். அதன் பிறகு உம்மாவின் பயமும் குறைந்தது.

2012 ஆகஸ்டில் ஊரில் கிணறு வெட்டத் தொடங்கினோம். பழைய கிணறு தூர்ந்து, அதற்குள் என்ன கிடக்கிறது என்று தெரியாத நிலை. புதிதாக ஒன்று வெட்டுவதே நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த மாதங்களில்தான் ஜீப் அடம்பிடிக்க ஆரம்பித்தது. கேஸுக்கு மாற்றியதும் எஞ்சின் தடுமாறும். சில வேளை நின்றுவிடும். ஒருநாள் வளவுக்குள் நிறுத்தி மறுபடி எடுக்கும்போது, காற்று உள்ளே போகும் குழாய்க்குள் கேஸ் பற்றி வெடித்தது. பெரிய சத்தம். காற்று வடிகட்டியின் பெட்டி பிளந்துவிட்டது.

சத்தத்தைவிட, அதற்குப் பிறகு நான் கண்டதுதான் என்னை உலுக்கியது. கிணற்றடியில் நின்ற நான்கு பேரும் மண்ணில் குப்புற விழுந்து கிடந்தார்கள். இரண்டு பேர் வவுனியா பக்கத்திலிருந்து வந்த தமிழ்ப் பொடியன்கள். மற்ற இருவர் எங்கள் ஊரவர்கள். சில வினாடிகள் யாரும் தலை தூக்கவில்லை. பிறகு ஒருவன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். உம்மா மட்டும் பாலை மரத்தடியில் கதிரையைப் பிடித்தபடி, "மகன், இந்தச் சத்தம் இஞ்ச வேணாம்" என்றார்.

ஆகவே அந்தச் சத்தத்தை நிறுத்துவது என் கடமையாயிற்று. முறையான இடத்தில் முறையாகச் செய்விப்போம் என்று கொழும்புக்குக் கொண்டுபோய், அந்த வகை வாகனங்களுக்கு முகவராக இருந்த கம்பனியின் சேர்விஸ் நிலையத்தில் விட்டேன். குளிரூட்டிய அறை, தேத்தண்ணி, பத்திரிகைகள். கழுத்துப்பட்டி அணிந்த ஓர் இளைஞர் மிக மரியாதையாகப் பேசினார். மறுநாள் மூன்று பக்க மதிப்பீடு தந்தார்.

ரேடியேட்டர் முழுத்தொகுதி 92,000. காற்றின் அளவை உணரும் கருவி 110,000. இன்ஜெக்டர்கள் ஆறும் 138,000. டைமிங் பெல்ட், நீர்ப்பம்பி, அவற்றோடு சேர்ந்த உருளைகள் 58,000. எரிவாயுத் தொகுதியைக் கழற்றி அப்புறப்படுத்த 15,000. கூலியும் ஏனையவையும் 73,000. மொத்தம் 486,000 ரூபா. கிணற்றுக்குக் கொங்கிரீட் வளையமும் நீர்ப்பம்பியும் சேர்த்து எனக்குத் தந்திருந்த கணக்கு 160,000.

நான் கேள்விகள் கேட்டேன். ரேடியேட்டர் எங்கே ஒழுகுகிறது? அழுத்தம் கொடுத்துப் பார்த்தபோது அழுத்தம் இறங்குகிறது, ஆகவே மாற்ற வேண்டும் என்றார். ஒழுகும் இடத்தைக் கண்டீர்களா என்றேன். தொகுதியாகத்தான் மாற்றுவோம் என்றார். கேஸ் பக்கம் என்ன பிழை என்று பார்த்தீர்களா என்று கேட்டதற்குத்தான், நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட கேள்வி வந்தது. "சேர், இது பெற்றோல் வாகனமா, கேஸ் வாகனமா? எங்கள் புத்தகத்தில் இந்த மொடல் பெற்றோல். எங்கள் புத்தகத்தில் இல்லாததை நாங்கள் தொட மாட்டோம். கழற்றினால் பொறுப்பெடுப்போம்."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பக்கத்தில் நியாயம் இருந்தது. தனக்குத் தெரியாத ஒரு தொகுதிக்குக் கையெழுத்திட்டு, நாளைக்கு வழியில் தீப்பற்றினால் யார் பதில் சொல்வது? பழுதான பாகத்தைத் திருத்திப் பூட்டினால் அது எத்தனை நாள் தாங்கும் என்று அவரால் உத்தரவாதம் தர முடியாது. புதுப் பாகத்துக்குத் தரலாம். அதனால்தான் அங்கே எதுவும் திருத்தப்படுவதில்லை, மாற்றப்படுகிறது. அந்த உத்தரவாதத்துக்கும் குளிரூட்டிய அறைக்கும் கணினிக்கும் சேர்த்துத்தான் பட்டியல் நீள்கிறது.

டைமிங் பெல்ட்டை மட்டும் அவர்களிடமே மாற்றச் சொன்னேன். அந்தப் பட்டி அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடக்கூடும். சரியான அடையாளங்களில் பொருத்தும் பயிற்சியும் கருவியும் அவர்களிடம் இருந்தன. 58,000 பாகத்துக்கு, 22,000 கூலிக்கு, 6,500 பரிசோதனைக்கு. மொத்தம் 86,500 ரூபா கட்டினேன். வேலை சுத்தமாக இருந்தது. மாற்றிய திகதியையும் கிலோமீற்றரையும் எழுதி ஒட்டியும் விட்டிருந்தார்கள். மிகுதிப் பட்டியலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு புத்தளம் வந்தேன்.

புத்தளத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் இருந்தார். யாழ்ப்பாணம் சோனகத் தெருக்காரர். நாங்கள் எல்லோரும் அவரைக் காக்கா என்றே கூப்பிடுவோம். 1990 ஒக்டோபர் 30இல் ஊரை விட்டு வரும்போது கராஜை அப்படியே விட்டுவிட்டு வந்தவர். அகதி முகாமில் முதலில் சைக்கிள் திருத்தினார். பிறகு மோட்டார் சைக்கிள். பிறகு ஒரு தென்னந்தோட்டத்து ஓரத்தில் தகரக் கொட்டில். பெயர்ப்பலகை கிடையாது. இடம் மாறி மாறிப் போக வேண்டியிருந்ததால் பலகை அடிக்கவில்லை என்பார்.

பட்டியலைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை. பொனட்டைத் திறந்து, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு, ரெடியூசரைக் கையால் தொட்டார்.

"தம்பி, இஞ்ச கைய வையுங்க."

எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்க, ரெடியூசர் ஐஸ் பெட்டி போலக் குளிர்ந்திருந்தது. வெளியே வெண்பனி படர்ந்திருந்தது, புத்தளத்து வெயிலில்.

அவர் விளக்கினார். எஞ்சினில் குளிர்நீர் குறைந்திருக்கிறது. ரெடியூசர் உயரத்தில் பூட்டப்பட்டிருப்பதால் நீர் குறையும்போது முதலில் காய்வது அதுதான். சூடு கிடைக்காததால் கேஸ் முழுவதும் வாயுவாகாமல் திரவமாகவே உள்ளே போகிறது. எஞ்சின் மூச்சடைத்து நிற்கிறது. நீர் ஏன் குறைந்தது? ரெடியூசருக்கு நீரைப் பிரித்துக் கொடுக்கும் மூன்று வழி இணைப்பில், கிளிப்புக்குக் கீழே றப்பர் வெடித்து, சொட்டுச் சொட்டாக ஒழுகி எஞ்சின் சூட்டிலேயே காய்ந்துகொண்டிருந்தது. அழுத்தம் இறங்கியது உண்மை. ரேடியேட்டரில் ஒரு பிழையும் இல்லை. அந்த இணைப்பு கம்பனியின் புத்தகத்தில் இல்லாத பாகம். அதனால் அங்கே ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

"வெடிச் சத்தம்?"

"அதுக்கு மஃரிபுக்குப் பிறகு கொண்டு வாங்க."

இருட்டில் போனேன். கொட்டிலின் விளக்கை அணைத்தார். எஞ்சினை ஓட விட்டு, பிளக் வயர்கள் மேல் கொஞ்சம் தண்ணீர் தூவினார். வயர்களின் மேலே நீல நிறத்தில் தீப்பொறிகள் ஓடின. புழுக்கள் ஊர்வது போல இருந்தது. பிளக்கைச் சென்றடைய வேண்டிய மின்சாரம் வழியிலேயே சிந்திக்கொண்டிருந்தது. கேஸைப் பற்றவைக்கப் பெற்றோலைவிடப் பலமான பொறி வேண்டும். பொறி தவறினால் எரியாத கேஸ் தங்கிவிடும். நேரந்தவறி வரும் அடுத்த பொறியில் அது உள்வழிக் குழாய்க்குள்ளேயே வெடிக்கும். எங்களுடையது போல, காற்றோடு கேஸை முன்பே கலந்து அனுப்பும் பழைய முறையில் அந்தக் குழாய் முழுவதும் கேஸ் நிறைந்திருப்பதால் சத்தம் அவ்வளவு பெரிதாக இருக்கும்.

இத்தனையும் எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன்.

"எங்கட மண்ணெண்ணெய் மொறிஸ் மைனர்தான் தம்பி இது. சுவிச்சு மட்டும் புதுசு."

1990 ஜூனில் யுத்தம் மறுபடி மூண்டு, யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றபோது, அங்கே பழைய மொறிஸ் மைனர்களையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் குளிரில் பற்றாது. ஆகவே சில துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். காக்கா அந்த நான்கு மாதங்கள் மட்டும்தான் அந்த வேலையைச் செய்தார். அதற்குள் அவர் ஊரே இல்லாமற் போய்விட்டது. அவரிடம் வேலை பழகிய தமிழ்ப் பொடியன்கள் அதன் பிறகும் வருடக்கணக்காக அதே முறையில் வாகனங்களை ஓட வைத்திருக்கிறார்கள். 2002 சமாதான காலத்தில் ஒருவன் புத்தளம் வரை தேடி வந்து, "அண்ணை, நீங்க காட்டித் தந்த வேலைதான் எங்களுக்குச் சோறு போட்டது" என்று சொல்லிப் போனானாம். அதைச் சொல்லும்போது காக்கா வேறு பக்கம் திரும்பி ஸ்பெனரைத் தேடினார்.

வேலைக்கு வேண்டிய சாமான்களை வாங்கக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனேன். வாகன உதிரிப்பாகங்களுக்கென்றே இருக்கும் அந்தத் தெருக்களில் ஒரு நாள் அலைந்தால் பெயர் தெரியாத பாகத்தையும் கண்டுபிடிக்கலாம். பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோனால் போதும். குழாய், இணைப்பு, கிளிப்புகள் 1,800. ரெடியூசருக்குள் இருக்கும் றப்பர்த் தகடுகள் 7,500. பிளக்கும் வயரும் 14,000. வெடித்தாலும் அழுத்தம் வெளியே போக உள்வழிக் குழாயில் பூட்டும் ஸ்பிரிங் மூடி 3,500. பிளந்த பெட்டியைக் கண்ணாடி இழையால் ஒட்ட 2,500. காற்றளவுக் கருவி கெடவில்லை, தூசிதான். இன்ஜெக்டர்களும் கெடவில்லை, கேஸிலேயே அதிகம் ஓடியதால் பெற்றோல் பிசின் அடைத்திருந்தது. கழுவ 6,000. காக்கா கேட்ட கூலி 12,000. எல்லாம் 47,300 ரூபா.

ரெடியூசரின் அடியிலிருந்த திருகைக் கழற்றியபோது கறுப்பாக, கெட்டியாக, தாங்க முடியாத நாற்றத்தோடு ஒரு எண்ணெய் வடிந்தது. எரிவாயுவில் வரும் கனமான அழுக்கு அது. அதை வடிக்கத்தான் அந்தத் திருகு. முந்திய சொந்தக்காரர் காலத்தில் அது ஒருமுறையும் திறக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

இரண்டு இடத்திலும் நான் செலவழித்தது 133,800. கம்பனி கேட்டதற்கும் இதற்கும் வித்தியாசம் 352,200. கிணறு அந்தப் பணத்தில்தான் முடிந்தது. மிச்சத்தில் ஓர் அறைக்குக் கூரை போட்டோம். டிசம்பரில் உம்மா அந்தக் கிணற்று நீரைக் குடித்துப் பார்த்து, கொஞ்சம் உவர்தான், ஆனால் பழைய கிணறும் இப்படித்தான் என்றார்.

அன்றிலிருந்து ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். காக்கா சொன்னதை எல்லாம் அதன் முதற் பக்கத்தில் எழுதினேன். வாகனம் வைத்திருக்கும் யாருக்காவது உதவும் என்பதால் சிலவற்றைத் தருகிறேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது குளிர்நீரின் அளவைப் பார். பெற்றோல் தொட்டியைக் கால் பங்குக்குக் கீழே இறங்க விடாதே. தொட்டிக்குள் இருக்கும் பம்பியைக் குளிர்விப்பது அந்தப் பெற்றோல்தான். தினமும் சில கிலோமீற்றராவது பெற்றோலில் ஓடு. 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை கேஸ் வடிகட்டியை மாற்று, ரெடியூசர் அழுக்கை வடி. இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசிப் பார். குமிழி வந்தால் ஒழுக்கு. கேஸ் காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும். குழியுள்ள கராஜில் கேஸ் வாகனத்தை இரவில் நிறுத்தாதே. மாதம் ஒருமுறை மணலில் நான்கு சில்லையும் இழுக்க விட்டு ஓட்டு. பாவிக்காத கியர் காய்ந்துபோகும். ஆற்றுக்குள் இறங்கி ஏறினால் டிஃபரென்சல் எண்ணெயைப் பார். பால் நிறமென்றால் தண்ணீர் போயிருக்கிறது. தொட்டியில் பொறித்திருக்கும் வருடத்தைப் பார்; பத்து வருடத்துக்கு மேல் அதை நம்பாதே.

வீட்டுச் சிலிண்டரிலிருந்து வாகனத்துக்குக் குழாய் போட்டு ஏற்றிக்கொள்ளும் ஒரு வழக்கம் சிலரிடம் இருந்தது. காக்கா அதைக் கேட்டு வந்தவர்களைக் கொட்டிலுக்குள்ளேயே எடுக்கவில்லை. "குசினிக்குள்ள கேஸ் ஏத்திற நாளைக்கு நீ மட்டுமா மௌத்தாவாய்?" என்று கேட்பார். அவர் வாங்கிய கூலிக்கு எங்கும் பற்றுச்சீட்டு இல்லை. ஆனால் செய்யக்கூடாததைச் செய்ய மாட்டேன் என்று சொல்லிப் பணத்தைத் திருப்பி அனுப்பியதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கம்பனிக்காரர்கள் எல்லோரும் கொள்ளையர்கள், கொட்டில்காரர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. டைமிங் பெல்ட்டை இரண்டாம் முறையும் கம்பனியில்தான் மாற்றினேன். வேறொரு ஊரில் ஒரு கொட்டில்காரர் நல்ல பாகத்தைக் கழற்றிப் பழையதைப் பூட்டிவிட்டதையும் கண்டேன். எதை யாரிடம் கொடுப்பது என்பதற்கு, கொடுப்பவனுக்குத் தன் வாகனம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஒழுகும் இடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதற்கு மெக்கானிக்காக இருக்கத் தேவையில்லை. மூன்று பக்கப் பட்டியலைக் கண்டதும் வாயடைத்துப் போகிற நம் பழக்கத்தில்தான் அந்தப் பட்டியல் நான்கு பக்கமாகிறது.

2018இல் உம்மா மௌத்தானார். ஊருக்குக் கொண்டுபோய்தான் அடக்கினோம். அது வரண்ட மாதம். பாதையும் அதற்குள் தார் போட்டாயிற்று. எந்த வாகனமும் போயிருக்கும். ஜீப் எல்லா வாகனங்களுக்கும் பின்னால் மெதுவாக வந்தது.

பிறகு வந்த வருடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் ரூபா விழுந்தது. அந்த வருடம் ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. அதுவும் வரிசையில் நின்றால். எரிவாயுவுக்கும் வரிசை. ஒன்று இல்லையென்றால் மற்றது என்று வாங்கிய வாகனம், இரண்டும் இல்லாமல் மூன்று மாதம் தென்னை மரத்தடியில் நின்றது. கியூஆர் முறையில் வாரத்துக்கு 20 லீற்றர் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் மறுபடி அசைந்தது. இதற்கிடையில் பழைய வாகனங்களின் விலை ஏறிக்கொண்டே போனது. தரகர்கள் வீடு தேடி வந்து, நான் வாங்கியதைப் போல மூன்று மடங்கு சொன்னார்கள். "வாப்பா, இப்ப வித்தாத்தான் காசு" என்று மகன் சொன்னான். அவன் சொன்னது சரியான கணக்கு. நான் விற்கவில்லை.

2024இல் கேஸ் தொட்டிக்குப் பத்து வருடம் முடிந்தது. 2014இல் ஒருமுறை மாற்றியிருந்தேன். இப்போது வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீற்றர்கூட ஓடுவதில்லை. அந்த ஓட்டத்துக்குப் புதுத் தொட்டியின் விலையை மிச்சம் பிடிக்க எனக்கு ஹயாத்து போதாது. ஆகவே கழற்றிவிட்டேன். பதிவுப் புத்தகத்திலும் எரிவாயுவை நீக்கியாயிற்று.

காக்காவுக்குக் கை நடுங்குகிறது, கொட்டிலுக்கு வருவதில்லை. அவருடைய பேரன் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, கொழும்பில் ஒரு பெரிய சேர்விஸ் நிலையத்தில் வேலை செய்கிறான். கணினியைப் பூட்டிப் பிழை பார்க்கிற வேலை. கேஸ் வாகனம் பற்றி அங்கே யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் இன்னும் ஊரில் இரண்டொன்று ஓடுகின்றன என்று சொல்லி, சென்ற பெருநாள் விடுமுறையில் என் கொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். இரண்டு நாளில் தொலைபேசி எடுத்தான்.

"மாமா, வடிகட்டி, பிளக்கு எல்லாம் விளங்குது. இடைக்கிட 'உம்மா 4', 'உம்மா 5' எண்டு கிலோமீற்றரோட எழுதியிருக்கிறீங்க. கடைசியா 'உம்மா 23' எண்டு இருக்கு. அது என்ன பாகம்?"

அது ஊருக்குப் போன பயணங்களின் கணக்கு என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, அந்தப் பக்கங்களையும் படம் எடுத்துக்கொள்ளலாமா, அப்பாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டான்.